எந்த வாயின் எச்சில்?

நாட்டார் வழக்காறு பற்றிய ஆய்வேடுகளில் 'நம்பிக்கைகள்' என்று ஓர் இயல் தவறாமல் இருக்கும். பல்லி விழுந்தால் என்ன பலன், பூனை குறுக்கே போனால் என்ன, தும்மினால் என்ன என்று நீளும் பட்டியல். அதில் எச்சிலுக்கும் இடம் உண்டு. கண்ணேறு பட்ட குழந்தையை உப்பு, மிளகாய், முச்சந்தி மண்ணால் சுற்றி அதில் மூன்று முறை துப்பச் செய்வர். பயந்த பிள்ளையை நெஞ்சில் துப்பிக்கொள்ளச் சொல்வர். பல் துலக்காத வாயின் எச்சிலைப் பருவுக்கும் படைக்கும் தடவுவர். செய்வர், சொல்வர், தடவுவர். இந்த 'வர்' யார்? எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? துப்புகிற வாய் யாருடையது, அது படுகிற உடம்பு யாருடையது? ஆய்வேட்டைப் புரட்டினால் பதில் கிடைக்காது. முன்னுரையில் 'இவ்வூரில் பல சாதியினர் வாழ்கின்றனர்' என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, நம்பிக்கை இயலுக்குள் நுழையும்போது சாதியைச் செருப்புபோல வாசலில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

எச்சில் பற்றிய நம்பிக்கையிலிருந்து சாதியைக் கழற்றிவிட்டால் அப்புறம் அதில் விளங்கிக்கொள்ள அதிகம் ஒன்றும் மிஞ்சாது. இதைத்தான் இங்கே பேச வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது நல்லவாடு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் 2004 சுனாமியால் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக்கொடுத்த ஒலிபெருக்கி, சனங்கள் ஓடித் தப்பித்தது எல்லாம் அப்போது பத்திரிகைகளில் வந்தது. எனக்கு அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே பழக்கமான ஊர். எங்கள் வீட்டுக் குழம்புக்கு மீன் அங்கிருந்துதான் வரும். கரையில் வலையிலிருந்து மீன் தட்டிக்கொண்டிருக்கும்போது "யப்பா, இன்னா மீனுடா!" என்று எவனாவது வாயைப் பிளந்தால் போதும், கூடையோடு நிற்கிற ஆயா பக்கத்து மணலில் 'தூ' என்று ஒன்று விடுவாள். "கண்ண வைக்காத போ. பாடு கெட்டுடும்." ஞாயிறு, செவ்வாய், வெள்ளி பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உட்காரவைத்துச் சுற்றிப் போடுவார்கள். பிள்ளை மூன்று முறை துப்பியதும் கைப்பிடி உப்பு மிளகாய் அடுப்புக்குள் போகும். மிளகாய் வெடித்தும் நெடி ஏறவில்லை என்றால் திருஷ்டி பலமானது என்று அர்த்தம்.

எங்கள் சேரியிலும் இதே கதைதான். தாய் கடித்துக் கொடுத்த பாதி முறுக்கைப் பிள்ளை தின்னும், பிள்ளை வைத்த மிச்சக் கஞ்சியைத் தாய் குடிப்பாள். யாருக்கும் குமட்டாது. தன் வீட்டுக்குள் சுற்றுகிற எச்சில் காவல். ஆய்வேடு எழுதியது இந்த மட்டுக்கும் சரி. ஒரு தெருவின் வாய் இன்னொரு தெருவுக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நல்லவாட்டுக்கு மேற்கே உள்ளடங்கி ஓர் ஊர், பேர் வேண்டாம். அந்த ஊர்ச் சேரியில் எனக்கு அத்தை முறையாகிற ஒருவர் மருந்து எடுப்பார். 'இடுமருந்து' என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புருசனை மயக்க, கூட்டாளியைக் கெடுக்க, வெற்றிலையிலோ சோற்றிலோ முடி, நகம், எச்சில் கலந்து வைத்துவிடுவார்கள், அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அத்தை நோயாளியின் வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சுவார். துப்பும்போது முடிச்சுருளோ பிசின் மாதிரி ஒரு கட்டியோ வந்து விழும். பால் கக்கிச் சோர்ந்து கிடக்கிற கைக்குழந்தைக்குத் தொக்கம் எடுப்பதும் அவர்தான். அதற்குக் குழல் கிடையாது, நேராக வாய்தான். வாயை வைத்து ஊதுவார், உறிஞ்சுவார்.

ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். "ஏ கெழவி, கொழந்த கண்ணு சொருவுது, வா சீக்கிரம்." "தோ வரன் ஆண்ட." முன்வாசல் கிடையாது. தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிப்போய், கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டு வாரிசின் தொப்புளில் வாய் வைப்பார். அப்போது தீட்டு எங்கே போயிற்று என்று யாரும் தேடமாட்டார்கள். வேலை முடிந்ததும் படி நெல்லும், சில வீட்டில் பழம்புடவையும் கிடைக்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். சொம்பு மேலேயே நிற்கும். ராத்திரி பிள்ளையின் வயிற்றில் படலாம் என்றிருந்த வாய், அதே ராத்திரி சொம்பின் விளிம்பில் படக்கூடாது.

"இது என்னா அத்த ஞாயம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நான் மட்டும் என்னா, அப்டியே வந்து சோத்துல கைய வைப்பனா? வூட்டுக்கு வந்து உப்புத்தண்ணி வச்சிக் கொப்புளிச்சித் துப்பிட்டுத்தான் மறுவேல. எந்த வூட்டு வயிறோ, என்னா தின்னுதோ." அத்தையின் தீட்டுக் கணக்கு எந்த ஆய்வேட்டிலும் ஏறவில்லை.

மருந்து எடுப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வந்து விழுகிற முடிச்சுருள் எங்கிருந்து வருகிறது என்பது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைக்குழந்தையின் தொண்டையிலும் வயிற்றிலும் இப்படி ஊதுவது ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது முழுக்க நியாயம். எனக்குக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. சூனியக்காரக் கிழவி என்று பேர் எடுத்தது ஒரு வாய். அந்த வாய்க்கு நாலடி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிய கைக்கு என்ன பேர்? அதற்கு ஆசாரம் என்று பேர். இரண்டுமே எச்சிலுக்கு ஒரு கண்காணாத சக்தி உண்டு என்கிற ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. ஒன்று மூடநம்பிக்கைப் பட்டியலில் ஏறியது. இன்னொன்று பண்பாட்டுப் பட்டியலில் ஏறியது.

ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஜேம்ஸ் ஃபிரேசருடையது. 1890இல் முதலில் வெளிவந்த 'கோல்டன் பவ்' நூலில் மந்திரத்தை ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் என்று அவர் இரண்டாகப் பிரித்தார். முடி, நகம், எச்சில் என ஒருவர் உடம்பிலிருந்து பிரிந்த எதுவும் பிரிந்த பிறகும் அவரோடு ஒட்டியே இருக்கும், அது எதிரி கையில் கிடைத்தால் ஆளையே வீழ்த்தலாம் என்பது தொத்து மந்திரம். இதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று ஹவாய்த் தீவுகள். அங்கே தலைவர்களுக்குப் பின்னால் நம்பிக்கையான ஓர் ஆள் எச்சில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே நடப்பானாம். அதிலிருப்பதைத் தினமும் காலையில் பத்திரமாகப் புதைத்துவிடுவார்களாம். தலைவனின் எச்சில் பகைவனிடம் சிக்கிவிடக்கூடாது.

இதன் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தை வையுங்கள். 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் குறிப்பிடும் மண்கலயம் அது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டத்தகாதவர் தம் எச்சிலைத் துப்பக் கழுத்தில் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்த எச்சிலைத் தெரியாமல் மிதித்து ஓர் இந்து தீட்டாகிவிடக்கூடாது. ஹவாயில் பாத்திரம் எச்சிலுக்கு உடையவனைக் காப்பாற்றியது. பூனாவில் அது எதிரே வருகிறவனைக் காப்பாற்றியது. முதலாவதை விளக்க ஃபிரேசர் போதும். இரண்டாவதை அவரை வைத்து விளக்க முடியாது. பூனாவில் நடந்தது அரச அதிகாரம் பின்னால் நின்ற ஒரு சட்டம். தமிழில் நாட்டாரியல் எழுதுகிறவர்கள் முதல் பாத்திரத்தின் அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் சேரிகளுக்குள் வருகிறார்கள். அளவு எப்படிப் பொருந்தும்?

நம் மண்ணிலேயே எச்சில் வழக்கு ஒன்று ரோமாபுரி வரைக்கும் போயிருக்கிறது. நாட்டாரியல்காரர்கள் அதைத் தொட்டதில்லை, திருச்சபை வரலாறு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கத்தோலிக்கரின் பழைய ஞானஸ்நானச் சடங்கில், குரு தம் விரலை எச்சிலில் நனைத்துக் குழந்தையின் காதையும் மூக்கையும் தொட்டு 'எப்பேத்தா', அதாவது 'திறக்கப்படு' என்பார். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு துப்பி, செவிடனின் நாவைத் தொட்டுக் குணமாக்கியதிலிருந்து வந்த சடங்கு. தமிழ்நாட்டில் வேலை செய்த இயேசு சபைக் குருக்கள் இந்த எச்சிலை விட்டுவிட்டார்கள். காரணம் எளிது. மேல்சாதியிலிருந்து வந்தவர்கள் எச்சில் என்றாலே முகம் சுளித்தார்கள். ஊதுகிற சடங்கையும் அவர்களுக்காகவே விட்டார்கள். புகார் போப்பாண்டவர் வரைக்கும் போனது. அவருடைய தூதராக மெய்லார்ட் த தூர்னோன் 1703 நவம்பர் 6ஆம் தேதி புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1704 ஜூன் 23 தேதியிட்ட அவருடைய ஆணை எச்சிலை விடக்கூடாது என்றது. அதே ஆணையில் இன்னொன்றும் இருக்கிறது. சாகக் கிடக்கிற பறையரின் குடிசைக்குக் குருக்கள் நேரில் போய்த் தேவதிரவிய அனுமானம் கொடுக்க வேண்டும் என்றது. ஏனென்றால் அதையும் செய்யாமலிருந்தார்கள்.

எச்சிலும் சேரியும் ஒரே தாளில்! இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள் என்பது அந்த இத்தாலியருக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். அவருக்குச் சடங்கு சுத்தமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் படிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. நாற்பது வருடம் இழுத்து, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தார். சேரிக்குப் போவதற்கு என்ன வழி? பறையர்களுக்கென்று தனியாகக் குருக்கள்! மேல்சாதி வீட்டுக்குப் போகிற குரு சேரிக்குள் வர வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம், 1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்துவைத்திருந்த சுவரைப் பற்றி எழுந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். குணமாக்குகிற எச்சில் என்று கடவுள் பேரால் கப்பலேறி வந்தது. அதுவே இங்கே ஊர்த்தெருவின் மூக்கைத் தாண்ட முடியாமல் நின்றது. 1969இல் வந்த புதிய ஞானஸ்நான முறையில் எச்சிலே கிடையாது.

நூல்களுக்கு வருவோம். எச்சில், எச்சம் இரண்டும் 'எஞ்சு' என்பதன் வழிவந்த சொற்கள். வாயில் ஊறுவதற்கும் இலையில் மிஞ்சுவதற்கும் தமிழில் ஒரே பேர். வடமொழியில் உச்சிஷ்டம் என்பதும் மிச்சம்தான். அதர்வ வேதத்தில் வேள்வியின் மிச்சத்தைப் புகழ்ந்து ஒரு சூக்தமே இருக்கிறது. மனு சாஸ்திரத்தின் பத்தாம் அத்தியாயமோ சூத்திரனுக்கு மிச்சச் சோற்றைக் கொடு என்கிறது. எட்டாம் அத்தியாயத்தில், உயர்ந்தவன்மேல் அவன் துப்பினால் உதடு இரண்டையும் அறு என்கிறது. மேலேயிருந்து கீழே வந்தால் எச்சில் தானம், கீழேயிருந்து மேலே போனால் எச்சில் குற்றம். தாந்திரிகர்கள் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். வாய் கழுவாமல் எச்சிலோடு வழிபட வேண்டிய ஒரு தேவியை உண்டாக்கி, மாதங்கி என்றும் உச்சிஷ்ட சாண்டாலி என்றும் பேர் வைத்தார்கள். வசியமும் வாக்குப் பலிதமும் வேண்டும் என்றால் அவளிடம் போக வேண்டும். மந்திர சக்தி வேண்டும் என்றதும் சண்டாளியின் பேர் தேவைப்படுகிறது பாருங்கள். என் அத்தையைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப்போன அதே கணக்கு.

பெரியபுராணத்துக் கண்ணப்பரை இந்த இடத்தில் பலர் நமக்கு எடுத்து நீட்டுவார்கள். வேடன் வாயில் நீர் கொண்டுவந்து உமிழ்ந்து திருமஞ்சனம் ஆட்டினான், பல்லால் கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தான், சிவனே சிவகோசரியாரின் கனவில் வந்து அந்த வாய்நீர் கங்கையைவிட உயர்ந்தது என்று சொல்லிவிட்டார், இதைவிட என்ன சமத்துவம் வேண்டும் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அப்படி எழுதியது பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எச்சில் எப்போது ஏற்றுக்கொள்ளப்படுகிறது? ஒரு கண்ணைப் பிடுங்கி அப்பிய பிறகு, இன்னொரு கண்ணுக்கும் அம்பை எடுத்த பிறகு. சிவகோசரியார் மறைந்து நின்று பார்க்க, சோதனையில் தேறிய பிறகு. சிவகோசரியாரின் வாய்க்கு எந்தச் சோதனையும் இல்லை. அதோடு கண்ணப்பர் காட்டிலிருந்து வருகிறவர், வயலிலிருந்து அல்ல. அதே நூலில் வயல் வேலை செய்த நந்தனாருக்கு நெருப்புதான் வாசல். விதிவிலக்கு ஒன்றைப் பாடுவதால் விதி தளர்ந்துவிடாது. நம் பட்டிமன்றங்களில் இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் வீட்டில் எத்தனை டம்ளர் என்று கேட்கத் தோன்றும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் கரூர் மாவட்டத்து நெரூருக்குப் போய்ப் பார்க்கலாம். சதாசிவ பிரம்மேந்திரர் சமாதியில் ஆராதனை நாளில் சாப்பிட்டு எழுந்த எச்சில் இலைகள்மேல் உருளுவது ஒரு நேர்த்திக்கடன். பிராமணர் சாப்பிட்ட இலையில் தலித்துகளும் மற்றவர்களும் உருளுகிறார்கள் என்று வழக்குப் போடப்பட்டு 2015இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிறுத்தியது. 2024 மே மாதம் ஒரு தனி நீதிபதி, அது பக்தரின் உரிமை, எல்லாச் சாதியாரும்தான் உருளுகிறார்கள் என்று அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. கர்நாடகத்தின் குக்கே சுப்ரமண்யாவில் இதற்குப் பேர் 'மடே ஸ்நானம்'. தோல் வியாதி போகும் என்பது நம்பிக்கை. 2014இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. உருளுகிறவர்கள் எல்லாச் சாதியும் என்பதால் பேதம் இல்லை என்கிற வாதத்தை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். யார் இலை என்பதை விட்டுவிட்டு யார் முதுகு என்பதை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. சேரியில் ஒரு சாவு விருந்து முடிந்து எடுத்துப்போட்ட இலைகளின்மேல் தோல் வியாதி தீர என்று ஊர்த்தெருவிலிருந்து எவராவது உருண்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. இதில்தான் உயிர் போகிறது. ஊர்த்தெருப் பையன் சேரிப் பெண்ணை விரும்பினால், "மருந்து வச்சிட்டாடா" என்று ஆரம்பிப்பார்கள். எச்சில் தொட்ட வெற்றிலையைக் கொடுத்து மயக்கிவிட்டாள். சேரிப் பையனோடு ஊர்ப்பெண் போய்விட்டால், "இன்னாமோ பண்ணிட்டான், அதான் புத்தி பேதலிச்சுப்போச்சு." தன் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தது என்பதை ஏற்க முடியாதவர்களுக்கு இடுமருந்து ஒரு வசதியான விளக்கம். ஆசைக்குக் காரணம் எச்சில் என்று ஆகிவிட்டால், அடுத்தது அதை முறிப்பதுதானே? பூசாரியிடம் கூட்டிப்போவது முதல் கட்டம். அதற்கு மேல் எது வரை போவார்கள் என்பதைப் பக்கத்துக் கடலூர் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி இருவர் உடம்பிலும் விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள். முருகேசன் தலித். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. இடுமருந்து நம்பிக்கையைப் பட்டியல் போடுகிற ஆய்வாளர், அந்தக் குற்றச்சாட்டு எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவை நோக்கி வீசப்படுகிறது என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பகுத்தறிவு நண்பர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. அவர்கள் சேரிக்கு வந்து தீ மிதித்துக் காட்டினார்கள், பூசாரியின் கண்கட்டைப் போட்டு உடைத்தார்கள். நல்லதுதான். வெறிநாய் கடித்தவனை மந்திரிக்கக் கூட்டிப்போகாதே, ஊசி போடு என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியது இன்றைக்கும் அவசியம். நாய் எச்சிலில் இருக்கிற கிருமிக்கு எந்த மந்திரமும் கட்டுப்படாது. ஆனால் இந்த நண்பர்கள் ஊர்த்தெருச் சமையலறைக்குள் போய்த் தனிச்சொம்பை வெளியே எடுத்துப் போட்டு இதுவும் மூடநம்பிக்கைதான் என்று விளக்கியதை நான் அதிகம் பார்க்கவில்லை. போகாததன் விளைவு, எச்சில் பயம் புதுப் புது வேஷத்தில் எழுந்து வருகிறது. 2020 கொரோனா நேரத்தில், முஸ்லிம்கள் பழத்திலும் சாப்பாட்டிலும் துப்பிக் கொடுக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கைபேசிகளில் பறந்தன. அவற்றில் பல பழைய படங்கள் என்று அப்போதே அம்பலமாயிற்று, யாருக்கும் உறைக்கவில்லை. 2024இல் உத்தரப் பிரதேசமும் உத்தரகாண்டும் சாப்பாட்டில் துப்புவதைத் தடுக்க என்று தனி நடவடிக்கைகளை அறிவித்தன. மாலைத் தொழுகை முடிந்து ஓதி ஊதட்டும் என்று பள்ளிவாசல் படியில் எல்லா மதத்துத் தாய்மாரும் பிள்ளையோடு காத்து நிற்கிற நாடு இது. அதே மூச்சைத்தான் இப்போது விஷம் என்கிறார்கள்.

நம் பக்கமும் பேச வேண்டும். ஆதிக்கப் பண்பாடு எதை அருவருக்கிறதோ அதையே கலகத்துக்கு எடுத்துக்கொள் என்பது ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதிய காலத்தில் எங்களுக்கெல்லாம் பெரிய திறப்பாக இருந்தது. அந்த வேகத்தில் எச்சில், மலம், சாராயம் என்று நிறைய கவிதைகள் வந்தன. அவற்றில் பாதியை இப்போது படித்தால், வாசகனைக் குமட்டவைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவை என்று எனக்குப் படுகிறது. குமட்டுகிறவன் யார், ஏன் குமட்டுகிறது என்பதற்குள் அவை போகவில்லை. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' போகிறது. அதில் பாட்டிக்கு நாயக்கர் வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் பாமா அலங்காரம் ஏதும் செய்யவில்லை, எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறார். என் அத்தைக்கு ஊற்றிய அதே நாலடி. ஒரு முழு ஆய்வேட்டில் கிடைக்காதது அந்த ஒரு அளவில் இருக்கிறது.

நல்லவாட்டுப் பக்கமும் பாகூர், வில்லியனூர்ப் பக்கமும் கள ஆய்வுக்கு வருகிற மாணவர்கள் இருக்கிறார்கள். கையில் அச்சடித்த வினாநிரல், 'உங்கள் ஊரில் எச்சில் பற்றிய நம்பிக்கைகள் யாவை?' அதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கூடவே நாலு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். ஊதினது எந்தத் தெரு ஆள்? எந்த வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள்? கூலி என்ன, அதைக் கையில் கொடுத்தார்களா, தரையில் வைத்தார்களா? வேலை முடிந்ததும் தண்ணீர் எதில் கொடுத்தார்கள்? சேரியில் கேட்ட கேள்வியை அப்படியே ஊர்த்தெருவிலும் கேளுங்கள். அங்கே பதில் வர நேரம் ஆகும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.